இலங்கைத் தொலைக்காட்சியின் 1982ஆம் ஆண்டும் வன்னிப் பெருநிலமும்

நாடொன்றின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் ஆட்சி மாற்றங்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையுமே கால எல்லைகளாகக் கொள்வர். மக்கள் எதனைக் கேட்டனர், எதனைக் கண்டனர், எம்மொழியிற் கண்டனர் என்னும் வினாக்கள் அத்தகைய வரலாறுகளில் இடம்பெறுவது அரிது. ஆயினும் ஓர் அரசு தன் மக்களோடு எவ்வாறு பேசியது என்பதை அறிய விரும்புவோர்க்கு இவ்வினாக்கள் இன்றியமையாதவை. இவ்வகையில் இலங்கை வரலாற்றில் 1982ஆம் ஆண்டு தனித்து நோக்கத்தக்கது. அவ்வாண்டிலேயே தேசியத் தொலைக்காட்சி இந்நாட்டில் நிலைபெற்றது. அவ்வாண்டிலேயே நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதிக்கான முதற் தேர்தலும், நாட்டின் ஒரேயொரு சர்வசன வாக்கெடுப்பும் நிகழ்ந்தன. தேசம் என்ற சொல் திரையிலே தோன்றிய அந்த ஆண்டை, திரையின் எல்லைக்கு அப்பாற் கிடந்த வன்னிப் பெருநிலத்திலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வானொலியின் காலம்

இலங்கையில் ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 16ஆம் திகதி முறையாகத் தொடங்கிற்று. ஆசியாவின் தொன்மையான வானொலி நிலையங்களுள் ஒன்றாகிய இது, பின்னர் இலங்கை வானொலி எனவும், 1967 முதல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எனவும் பெயர் பெற்றது. அதன் தமிழ்ச் சேவையும் வர்த்தக சேவையும் கடல் கடந்து தமிழகத்திலும் பெருந்தொகையான நேயர்களைக் கொண்டிருந்தன. வன்னியைப் பொறுத்தவரையில் வானொலியே வெளியுலகின் வாயிலாக இருந்தது. மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டிக்கு மின்கம்பம் வேண்டியதில்லை, வீதி வேண்டியதில்லை. இரவில் யானைக்கும் பன்றிக்கும் காவலிருக்கும் வயற்காரனின் பரணிலும் அது ஒலித்தது. காலையில் 'பொங்கும் பூம்புனல்', இரவில் திருச்சி வானொலி, பி.பி.சி.யின் 'தமிழோசை' என ஒரே பெட்டியில் மூன்று திசைகளிலிருந்தும் தமிழ் வந்தது. தொலைக்காட்சி வந்தபோது, அதற்கு எதிரே அளவுகோலாக நின்றது இந்த வானொலியே என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

திறந்த சந்தையும் திரையும்

1977ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஆட்சிக்கு வந்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம் இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தித் திறந்த பொருளாதாரக் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. தொலைக்காட்சிப் பெட்டியும், ஒலிநாடாக் கருவியும், பின்னர் வீடியோ டெக்கும் கடைகளுக்கு வந்தன. மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் நாடிச் சென்றோரும் இவற்றைக் கொணர்ந்தனர்.

இதே கொள்கையின் மறுபக்கத்தை வன்னி வேறுவிதமாக அனுபவித்தது. 1970 முதல் 1977 வரையிலான காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாட்டின் காரணமாக மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் உள்நாட்டில் நல்ல விலை இருந்தது. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இளைஞர் குடியேற்றத் திட்டங்களில் காடு வெட்டிக் களனியாக்கிய இளைஞர்கள் இவ்விலையை நம்பியே நிலத்தில் இறங்கினர். இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது அந்த விலை சரிந்தது. எனவே, தொலைக்காட்சிப் பெட்டியைத் துறைமுகத்துக்குள் அனுமதித்த அதே கதவின் வழியாகத்தான் வன்னி விவசாயியின் வருவாய் வெளியேறியது எனலாம். திரையை வாங்கக்கூடியவனாக வளர்ந்துகொண்டிருந்த ஒருவன், திரை நாட்டுக்கு வந்த வேளையில் அதனை வாங்க இயலாதவனானான். ஊடக வரலாற்றைப் பொருளாதார வரலாற்றிலிருந்து பிரித்து எழுத முடியாது என்பதற்கு இது தக்க சான்று.

இலங்கையின் முதலாவது தொலைக்காட்சி நிலையம் அரசினால் தொடங்கப்பட்டதன்று. ஷான் விக்கிரமசிங்க, அனில் விஜேவர்த்தன ஆகியோரின் முயற்சியால் 1979ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, சுயாதீனத் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் ஒளி கொழும்பையும் அதன் சுற்றுப்புறங்களையும் தாண்டிச் செல்லவில்லை. இரண்டு மாதங்கள் முடிவதற்கு முன்னரே, அதாவது யூன் 5ஆம் திகதி, அரசாங்கம் அந்நிலையத்தைப் பொறுப்பேற்றது. தொலைக்காட்சி தனியார் கையில் விடப்படத்தக்கதன்று என்னும் அரசின் எண்ணம் இதனால் வெளிப்பட்டது. மூன்றாண்டுகளின் பின் நிகழ்ந்தது அவ்வெண்ணத்தின் நிறைவேற்றமே.

1982 பெப்ரவரி 15

1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கை ரூபவாகினிக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. யப்பானிய அரசின் நன்கொடையாகக் கொழும்பிற் கலையகமும் கருவிகளும் கிடைத்தன. பெப்ரவரி 15ஆம் திகதி தேசியத் தொலைக்காட்சி வண்ணத்திலே தன் சேவையைத் தொடங்கியது. இரு நாட்கள் கழித்து, பெப்ரவரி 17ஆம் திகதி, இலங்கை அணி இங்கிலாந்துக்கு எதிராகத் தன் முதலாவது டெஸ்ட் துடுப்பாட்டப் போட்டியைக் கொழும்பிலே ஆடத் தொடங்கியது. ஒரே வாரத்தில் நாடு இரு வகைகளில் உலக அரங்கில் ஏறியதாகத் தலைநகர் மகிழ்ந்தது.

உலகெங்கும் அவ்வாண்டு தொலைக்காட்சியின் ஆண்டாகவே விளங்கிற்று. அயல்நாடான இந்தியாவில் 1982 ஆகஸ்ட் 15இல் தூரதர்ஷன் டில்லியிலிருந்து தேசிய நிகழ்ச்சியையும் வண்ண ஒளிபரப்பையும் தொடங்கிற்று. நவம்பரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழா அதற்குப் பெருந்தூண்டுதலாயிற்று. 1975இலேயே சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தோன்றியிருந்தபோதும், தேசிய நிகழ்ச்சியின் மொழியாக இந்தியே முன்னின்றமை தமிழகத்தில் மனக்கசப்பை விளைத்தது. ஒரு தலைநகர், ஒரு கோபுரம், ஒரு திரை. ஆனாற் பார்ப்போரின் மொழிகளோ பல. இச்சிக்கல் இலங்கைக்கு மட்டும் உரியதன்று. உலகின் தகவற் பாய்ச்சல் ஒருதிசைப்பட்டது என்பதை யுனெஸ்கோவின் மக்பிரைட் ஆணைக்குழு 1980இல் எடுத்துரைத்தபோது, செல்வந்த நாடுகளுக்கும் வறிய நாடுகளுக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வே பெரிதும் பேசப்பட்டது. ஒரு நாட்டினுள்ளேயே தலைநகருக்கும் விளிம்புக்கும் இடையில் அதே ஏற்றத்தாழ்வு நிலவியதை வன்னியின் நிலை காட்டுகின்றது.

மலையும் சமவெளியும்

ரூபவாகினியின் முதன்மை அஞ்சல் நிலையம் நாட்டின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகாலையில் நிறுவப்பட்டது. அதன் உயரம் 2524 மீற்றர். தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிற் செல்வன. புவியின் வளைவுக்கு அப்பால் அவை இலகுவிற் சென்றடைவதில்லை. மீற்றரில் அமைந்த உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1 ஆற் பெருக்கினால் அலை சென்று சேரும் எல்லை ஏறத்தாழக் கிலோமீற்றரிற் கிடைக்கும் என்பது பொறியியலாளர் கையாளும் கணக்கு. அதன்படி பீதுருதாலகாலையின் எல்லை ஏறத்தாழ 200 கிலோமீற்றர். இடையில் நிற்கும் மலைகள் இதனை மேலும் குறைக்கும்.

வரைபடத்தில் அளந்து பார்ப்பின் வவுனியா நகர் அச்சிகரத்திலிருந்து ஏறத்தாழ 195 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. முல்லைத்தீவு ஏறத்தாழ 250 கிலோமீற்றர். கிளிநொச்சி 265 கிலோமீற்றர். இவ்வெண்கள் ஒரு செய்தியைத் தெளிவுறக் கூறுகின்றன. தேசியத் தொலைக்காட்சியின் இயற்கையான எல்லை வவுனியாவின் வாசலில் முடிந்தது. அதற்கு வடக்கே உயர்ந்த கம்பத்தில் அண்டெனாவைக் கட்டினாலும் மணல் பறப்பது போன்ற வெண்புள்ளிகளையே பெரும்பாலும் காணலாம். இந்த இடைவெளியை நிரப்புவதற்கு மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையே, கண்டி வீதியோரம் அமைந்த கொக்காவிலில் ஓர் அஞ்சல் கோபுரம் வேண்டியதாயிற்று. அக்கோபுரத்தின் கதை பின்னர் கூறப்படும்.

அலை வந்தாலும் மின்சாரம் வேண்டும். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி வவுனியா மாவட்டத்தில் 95,428 மக்களும் முல்லைத்தீவு மாவட்டத்தில் 77,189 மக்களும் வாழ்ந்தனர். கிளிநொச்சி அப்போது யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியே; 1984இலேயே அது தனி மாவட்டமாயிற்று. இம்மக்களுட் பெரும்பாலோர் குளங்களை அண்டிய கிராமங்களிலும் குடியேற்றத் திட்டங்களிலும் வாழ்ந்தவர்கள். 1977ஆம் ஆண்டு வன்செயல்களினால் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்து, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடிசை கட்டியோரும் இவர்களுள் அடங்குவர். நகரங்களுக்கு அப்பால் மின்கம்பங்கள் செல்லவில்லை. குப்பி விளக்கில் வாழ்ந்த குடும்பத்துக்குத் தொலைக்காட்சி என்பது நகரத்திற் கண்டு வந்தவர் சொல்லும் கதையாகவே இருந்தது.

வன்னி திரையைக் காணவேயில்லை என்று கூறுதலும் பொருந்தாது. தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் மின்பிறப்பாக்கியும் வாடகைக்கு வந்தன. திருமண வீட்டிலோ கோயில் வீதியிலோ இரவு முழுவதும் மூன்று தமிழகப் படங்கள் ஓடின. ஆக, வன்னியிற் பலர் முதன்முதலிற் கண்ட தொலைக்காட்சித் திரையில் ஒளிர்ந்தது கொழும்பன்று, கோடம்பாக்கமே. தேசிய ஒளிபரப்பு அடையத் தவறிய இடத்தை ஒளிநாடா அடைந்தது. ஒரு மக்கட் கூட்டத்தின் கற்பனை எத்திசையை நோக்கித் திரும்பும் என்பதை இத்தகைய சிறு வசதிகளும் தீர்மானிக்கின்றன.

மொழியின் பங்கு

ரூபவாகினி மும்மொழிச் சேவையாகவே திட்டமிடப்பட்டது. நடைமுறையிற் சிங்கள நிகழ்ச்சிகளே பெரும்பகுதியைப் பெற்றன. தமிழுக்குச் செய்தியும் குறைந்த அளவிலான நிகழ்ச்சிகளுமே கிடைத்தன. இதனைத் தனியாட்களின் தீய எண்ணத்துக்கு மட்டும் உரியதாக்குதல் எளிதான விளக்கமாகும். காரணம் ஆழமானது. வானொலியில் தமிழ்ச் சேவைக்கெனத் தனி அலைவரிசை இருந்தது. ஆகையால் தமிழ் நிகழ்ச்சி நேரத்துக்காக எவரோடும் போட்டியிட வேண்டியிருக்கவில்லை. தொலைக்காட்சியில் அலைவரிசை ஒன்றே. தமிழுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு நிமிடமும் இன்னொரு மொழியிடமிருந்து எடுக்கப்படும் நிமிடமாயிற்று. சேவை என்ற நிலை மாறிப் பங்கு என்ற நிலை உருவாயிற்று.

ஒரே திரையின் முன்னே இரு மொழியினர் அமர நேர்ந்தமை நன்மையாகவும் அமைந்திருக்கக்கூடும். ஒருவர் கதையை மற்றவர் காண்பதற்கு அது அரிய வாய்ப்பு. டைட்டஸ் தொட்டவத்த போன்ற கலைஞர்கள் அயல்நாட்டுச் சிறுவர் நிகழ்ச்சிகளைச் சிங்களத்திலே குரல்மாற்றி, சொந்த மண்ணின் படைப்புக்களோ என ஐயுறும் வண்ணம் வழங்கினர். அத்தகைய உழைப்பு, சிங்களக் கதையைத் தமிழிலும் தமிழ்க் கதையைச் சிங்களத்திலும் கொண்டு செல்வதற்குச் செலவிடப்பட்டிருப்பின் நாட்டின் மனம் வேறாக அமைந்திருக்கலாம்.

வன்னியிற் கதைக்குப் பஞ்சம் இருக்கவில்லை. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இலேயே தண்ணிமுறிப்புக் காட்டு வாழ்வை நாவலாக்கியிருந்தது. முல்லைமணியின் 'பண்டார வன்னியன்' நாடகம் மேடை கண்டிருந்தது. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்து விடிய விடிய ஆடப்பட்டது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு வண்டில் கட்டி மக்கள் திரண்டனர். தமக்கெனப் படைப்பும் அரங்கும் பார்வையாளரும் கொண்டிருந்த ஒரு நிலப்பரப்பு, தேசியத் திரையின் உட்புறத்தில் உரிய இடத்தைப் பெறவில்லை. திரையை அடைதல் ஒன்று. திரையில் இடம்பெறுதல் இன்னொன்று. வன்னி முதலாவதை அரைகுறையாகவே பெற்றது. இரண்டாவதை அதனினும் குறைவாகப் பெற்றது.

தேர்தலின் ஆண்டு

1982 ஒக்டோபர் 20ஆம் திகதி சனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. அறுவர் போட்டியிட்டனர். ஜே. ஆர். ஜயவர்த்தன 52.91 சதவீத வாக்குகளைப் பெற்று வெற்றியடைந்தார். ஹெக்டர் கொப்பேகடுவ 39.07 சதவீதம் பெற்றார். தமிழ் வேட்பாளராகக் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டார். தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை. நாடளாவிய தேர்தலொன்றிற் தலைவர்களின் முகம் வீட்டின் நடுக்கூடத்திலே தோன்றியது இதுவே முதன்முறை. வாக்காளர் ஒரு தலைவரை அறிந்துகொள்ளும் முறையிலே இதனால் ஏற்பட்ட மாற்றம் சிறிதன்று. வன்னி வாக்காளனோ தேர்தலை வானொலியிலும் பத்திரிகையிலும் சந்திக் கடையின் வாங்கிலுமே சந்தித்தான்.

டிசம்பர் 22ஆம் திகதி, 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத் தேர்தலின்றி மேலும் ஆறாண்டுகள் நீடிப்பதா என்ற சர்வசன வாக்கெடுப்பு நடைபெற்றது. விளக்கும் குடமும் சின்னங்கள். 54.66 சதவீதத்தினர் விளக்குக்கு வாக்களித்ததாக அறிவிக்கப்பட்டது. தேசியத் தொலைக்காட்சி தோன்றிய ஆண்டிலேயே தேசிய வாக்குரிமை சுருங்கியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று. திரை அரசிடமே இருந்தது. எதிர்க் குரல்களுக்கு அத்தகைய திரை எதுவும் இருக்கவில்லை.

இதன் விளைவு ஏழே மாதங்களில் வெளிப்பட்டது. 1983 யூலையில் தமிழருக்கு எதிரான வன்செயல்கள் நாட்டைச் சூழ்ந்தன. யூலை 28ஆம் திகதி சனாதிபதி தொலைக்காட்சியிலே தோன்றி உரையாற்றினார். உயிரையும் உடைமையையும் இழந்த தமிழருக்கு ஓர் அனுதாபச் சொல் அவ்வுரையில் இடம்பெறவில்லை. ஒரு தேசத்தின் தலைவர் தன் மக்கள் அனைவரோடும் ஒரே கணத்தில் பேசக்கூடிய கருவி 1982இல் நாட்டுக்குக் கிடைத்தது. அக்கருவி மிகவும் வேண்டப்பட்ட அந்த நாளில் மக்களுள் ஒரு பகுதியினரை அது விளிக்கவில்லை. அகதிகளாக வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்து சேர்ந்தவர்கள் அந்த மௌனத்தையும் தம்மோடு கொண்டு வந்தனர்.

கொக்காவிற் கோபுரம்

கொக்காவிலில் ரூபவாகினியின் அஞ்சல் நிலையம் அமைந்தபின் வடக்கே ஒளியலை தெளிவுற வரத் தொடங்கிற்று. ஆனால் அக்காலம் போரின் காலமாயிற்று. காட்டின் நடுவே வானளாவ நின்ற கோபுரத்தைக் காக்க இராணுவ முகாம் ஒன்று வேண்டியதாயிற்று. 1990 யூனில் இரண்டாம் ஈழப்போர் வெடித்தபோது அம்முகாம் முற்றுகைக்குள்ளாகி, யூலை 11ஆம் திகதி விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. முகாமைக் கைவிட மறுத்து அங்கேயே மாண்ட லெப்டினன்ட் சாலிய அலதெனியவுக்குப் பின்னர் இராணுவத்தின் அதியுயர் விருதான பரம வீர விபூஷணய வழங்கப்பட்டது. ஒளிபரப்புக் கோபுரமொன்றின் அடியிலே இரு தரப்பு இளைஞரும் உயிர் கொடுத்தனர். கோபுரம் அழிந்தது. வடக்கிற்கான மின்சாரமும் அக்காலத்திலேயே துண்டிக்கப்பட்டது.

அதன்பின் வந்த ஆண்டுகளில் மின்கலமும் எரிபொருளும் வன்னிக்குத் தடைசெய்யப்பட்ட பொருட்களுள் அடங்கின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. விடுதலைப் புலிகளின் நிதர்சனம் நிறுவனம் 'ஒளிவீச்சு' என்னும் ஒளிநாடா இதழை வெளியிட்டது. சமாதான காலத்தில், 2005ஆம் ஆண்டில், கிளிநொச்சியை நிலைக்களமாகக் கொண்டு தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி செய்மதி வழியே ஒளிபரப்பைத் தொடங்கிற்று. வன்னியின் குளமும் வயலும் மனிதரும் திரையின் நடுவிடத்துக்கு வந்தது அப்போதுதான். ஆயினும் ஒன்றை மறைத்தல் வரலாற்று நேர்மையாகாது. அதுவும் ஓர் அதிகாரத்தின் குரலே. மாற்றுக் கருத்துக்கு அங்கும் இடமிருக்கவில்லை. கொழும்பின் திரையும் கிளிநொச்சியின் திரையும் மொழியாலும் நோக்காலும் வேறுபட்டன. கேள்விக்கு இடமளியாமையில் ஒன்றுபட்டன. 2007 நவம்பர் 27ஆம் திகதி கிளிநொச்சியிற் புலிகளின் குரல் வானொலி நிலையம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்காகி ஊழியர்கள் கொல்லப்பட்டனர். ஒலிபரப்பு நிலையம் போர்க்களமாகும் நிலை கொக்காவிலோடு முடிந்துவிடவில்லை.

2009 மே மாதத்தில் போர் முடிந்தது. 2011 யூன் 6ஆம் திகதி கொக்காவிலில் 174 மீற்றர் உயரமுடைய புதிய கோபுரம் திறந்து வைக்கப்பட்டது. தமிழ் மொழிக்கெனத் தனி அலைவரிசைகளும் இதற்குள் தோன்றியிருந்தன. தனியார் துறையிற் சக்தி தொலைக்காட்சி 1998இலும், சுயாதீனத் தொலைக்காட்சியின் வசந்தம் 2009 யூன் மாதத்திலும் தொடங்கின. 1982இல் ஒரே அலைவரிசையை மூன்று மொழிகள் பங்கிட்ட நிலை இவற்றால் மாறியது. எனினும் புதிய சிக்கலொன்று உருவாயிற்று. தமிழர் தமிழ்த் திரையையும் சிங்களவர் சிங்களத் திரையையும் மட்டுமே காணும் நிலையில், ஒருவர் துயரை மற்றவர் காணும் வாய்ப்பு முன்னிலும் அருகியது. ஒரு திரை போதாது என்ற குறை தீர்ந்தபோது, பொதுத் திரை இல்லை என்ற குறை தோன்றியது.

முடிவுரை

1982ஆம் ஆண்டு இலங்கைத் தொலைக்காட்சிக்குச் சட்டத்தையும் கலையகத்தையும் சிகரத்தின் மேல் ஒரு கோபுரத்தையும் வழங்கியது. அதன் பெயரில் தேசியம் இருந்தது. ஆயின் தேசியம் என்பதற்கு அலை எட்டும் தூரம் ஓர் அளவு. மொழிக்குக் கிடைக்கும் நேரம் இரண்டாவது அளவு. மக்கள் தம்மைத் தாமே திரையிற் காணும் வாய்ப்பு மூன்றாவது அளவு. முதலாவது குறை பொறியியலால் தீர்ந்தது. இரண்டாவது சந்தையாலும் கொள்கையாலும் ஓரளவு தீர்ந்தது. மூன்றாவது இன்னும் வினாவாகவே நிற்கின்றது. கொக்காவிற் கோபுரத்தின் வழியாக வன்னிக்குள் வருவன பல. வன்னியிலிருந்து வெளியே செல்வன எவை என்பதே அவ்வினா.

இவ்வினாவுக்கு விடை தேடுதல் ஒளிபரப்பாளரின் பணி மட்டுமன்று. முதன்முதலாகத் திரையைக் கண்ட இரவையும், டைனமோவிற் கேட்ட செய்தியையும், கொக்காவிற் கோபுரம் சாய்ந்த நாளையும் நினைவிற் கொண்ட முதியோர் வன்னிக் கிராமங்களில் வாழ்கின்றனர். பல இடப்பெயர்வுகளில் ஆவணங்களை இழந்த ஒரு நிலத்துக்கு அவர்களின் நினைவே சுவடிக்கூடம். அந்நினைவுகளைப் பதிந்து வைத்தல் வரலாறு பயிலும் மாணவர் கைக்கு எட்டிய பணி. காலம் கடந்தால் எட்டாத பணி.